அம்மாவுக்கு மறதி என்றால் 'அமிலாய்டு டெஸ்ட்' எடுக்கணுமா? முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்

மேல மாசி வீதியில் நாற்பது வருஷம் நடந்த என் அம்மா, ஒரு தை மாதத்துச் சாயங்காலம் அதே வீதியில் நின்றுகொண்டு பூக்காரம்மாவிடம் "கோயில் எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். மதுரையில் பழைய ஊருக்குள் வழி தவறுவது கஷ்டம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக வீதிகள், தலையை நிமிர்த்தினால் கோபுரம். அங்கேயே திசை தெரியவில்லை என்றதும்தான் எனக்கு உறைத்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே சொன்னதையே சொல்வது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது எல்லாம் இருந்தன. ஒரு கிளினிக்கில் "வயசானா இப்படித்தான்மா" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், நாங்களும் நம்பிவிட்டோம். அந்த ஒரு வருஷம் இன்றைக்கும் மனசைக் குத்துகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு வருஷம் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி விஷயம் தெரிந்த நாளிலிருந்து போனில் ஒரே கேள்விதான் கேட்டான்: "அக்கா, அமிலாய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" அவன் ஆதங்கம் எனக்குப் புரிந்தது. ஆனால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை மதுரைக்குள்ளேயே, பல நேரம் செலவே இல்லாமல் முடிகிற வேலைகள்.

அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படிவதுதான் இந்த அமிலாய்டு. முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினால் பயம்தான் மிஞ்சும்.

நம் உடம்பில் ஒவ்வொரு புரதமும் ஒரு குறிப்பிட்ட விதமாக மடிந்திருந்தால்தான் அதன் வேலையைச் செய்யும். சில புரதங்கள் மடிப்பு மாறி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, நீளமான இழைகளாக அடுக்கிக்கொள்ளும். அந்த இழைக்குத்தான் அமிலாய்டு என்று பெயர். ஏதோ ஒரே ஒரு புரதத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். மனித உடம்பில் 30க்கும் மேற்பட்ட புரதங்கள் இப்படி ஆகக்கூடும். 1854இல் ஜெர்மனி டாக்டர் ருடால்ஃப் விர்ஷோ இதன்மேல் அயோடின் விட்டுப் பார்த்தபோது மாவுப்பொருள் போல நிறம் மாறியதால், மாவு என்ற பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார். சில வருஷங்களிலேயே அது புரதம் என்று தெரிந்துவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பனங்கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி வளர்கிறது என்பது சட்டென்று பிடிபடும். பதநீரைக் காய்ச்சிய பாகில் நூலை விட்டு, வாரக்கணக்கில் அசையாமல் வைப்பார்கள். முதல் கல் பிடிக்கத்தான் நாளாகும், பிடித்துவிட்டால் அதைப் பற்றிக்கொண்டு அடுத்தடுத்து வளர்ந்துகொண்டே போகும். அமிலாய்டிலும் முதல் விதை உருவாகத்தான் வெகுகாலம் ஆகிறது, அப்புறம் அந்த விதை பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு இழுத்துக்கொள்கிறது. இதைக் கேட்டதும் எங்கள் சொந்தத்தில் ஒருவர் "அப்ப ஒட்டுமா?" என்று கேட்டார். ஒட்டாது. அம்மா குடித்த டம்ளரில் குடிப்பதாலோ, கூடப் படுப்பதாலோ, அவரைக் குளிப்பாட்டுவதாலோ அல்சைமர் யாருக்கும் வராது.

அல்சைமரில் இப்படிச் சேருவது பீட்டா அமிலாய்டு. நரம்பு செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதிகள் வெட்டும்போது விழும் சின்னத் துண்டு அது, பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலம் நீளம். இந்த 42தான் அதிகம் ஒட்டும் ஜாதி. செல்களுக்கு வெளியே அது திட்டுத் திட்டாகப் படிகிறது. செல்லுக்கு உள்ளே டௌ என்ற இன்னொரு புரதம் முடிச்சு முடிச்சாகச் சிக்கிக்கொள்கிறது. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர், அகஸ்டே டெட்டர் என்ற பெண்மணியின் மூளையை அவர் இறந்த பிறகு நுண்ணோக்கியில் பார்த்து இந்தத் திட்டுகளையும் முடிச்சுகளையும் பற்றிப் பேசினார். அந்த அம்மாவுக்கு வயது 55தான். திட்டு எதனால் ஆனது என்பது தெரிய இன்னும் 78 வருஷம் ஆனது. 1984இல்தான் கிளென்னர், வாங் என்ற இரண்டு பேர் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். இந்தப் பெரிய புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதல், அதனால் அவர்களுக்கு அல்சைமர் நடுவயதிலேயே வருவது அதிகம். உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால் நாற்பது வயதிலிருந்தே கவனியுங்கள்.

இரண்டு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் எல்லா முடிவும் சுலபமாகும். ஒன்று, இந்தப் படிவு மறதி தெரிவதற்கு 15, 20 வருஷம் முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டு, மூளையில் அமிலாய்டு இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்து கண்மூடுகிற பெரியவர்கள் நிறைய. மறதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது அமிலாய்டின் அளவைவிட டௌ முடிச்சுகளோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது. ஆக, அமிலாய்டு டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தாலே இந்த மறதிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்

டாக்டர் உங்களுக்குக் கொடுக்கும் நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் "மறதியா இருக்காங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "சாவியை மறந்தார்" என்பதைவிட "சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதுக்கு என்று கேட்டார்" என்பது டாக்டருக்கு நூறு மடங்கு உதவும். எப்போது தொடங்கியது, மெல்ல மெல்லக் கூடியதா, இல்லை ஒரே நாளில் வந்ததா என்பதை அவசியம் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழம்பிப் போனால் அது டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்களின் பொதுப்பெயர்) மாதிரி தெரிந்தாலும் சிறுநீர்த் தொற்றோ, உப்புச் சத்துக் குறைவோ, தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியதோ, பக்கவாதமோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நோட்டு எழுத உட்கார வேண்டாம்.

எது முதலில் கெட்டது என்பதுதான் நோட்டில் டாக்டர் தேடுவது, ஏனென்றால் ஒவ்வொரு புரதமும் மூளையில் ஒவ்வொரு இடத்தில் தொடங்குகிறது. அல்சைமரில் புது விஷயங்கள்தான் முதலில் நிற்காமல் போகும்: காலையில் வந்த விருந்தாளி மதியம் நினைவில் இருக்க மாட்டார், 1980இல் நடந்த கல்யாணத்தில் யார் யார் சண்டை போட்டார்கள் என்பது அப்படியே இருக்கும். இல்லாத குழந்தைகள் திண்ணையில் விளையாடுவதாகத் தெரிவது, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் மந்தம், நடை தளர்வது, தூக்கத்தில் கத்திக் கை கால் உதைப்பது, இவை இருந்தால் ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம் சேரும் லூயி பாடி டிமென்ஷியாவாக இருக்கலாம். பார்கின்சன் நோயிலும் சேருவது அதே புரதம்தான். தூக்கத்தில் உதைப்பது மறதிக்குப் பல வருஷம் முன்பே வரக்கூடும், அதனால் மறதி அப்பாவுக்கு என்றால் பக்கத்தில் படுக்கும் அம்மாவிடம் கேளுங்கள். லூயி பாடி என்ற சந்தேகம் இருந்தால் அதைப் பார்க்கிற எல்லா டாக்டரிடமும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்: ஹாலோபெரிடால் போன்ற மனநல மருந்துகள் அவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஐம்பது சொச்சம் வயதில் மறதியே இல்லாமல் குணம் மட்டும் மாறிப்போகிறது, கூச்ச நாச்சம் போய்விடுகிறது என்றால் அது வேறு வகை, அதில் அமிலாய்டுக்கு வேலையில்லை.

அப்புறம் ஒரு மஞ்சப்பை

வீட்டில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும், பக்கத்துக் கடையில் வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்துச் சூரணம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். சளிக்குப் போடும் சில மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், ட்ரைஹெக்சிஃபெனிடில் போன்றவை நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தையே தடுப்பவை. வயதானவர்களுக்கு இவையே மறதியையும் குழப்பத்தையும் கொண்டுவரும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பையைக் கொட்டிக் காட்டுங்கள், போதும்.

காதையும் கண்ணையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். என் அம்மாவுக்குப் பாதிப் பேச்சு மறந்ததே கிடையாது, காதிலேயே விழவில்லை. கண்புரை இருந்தால் எடுத்துவிடலாம். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் நாம் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கக் காரணமே இல்லை. 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு வெளியிட்ட அறிக்கையில், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகத்தில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். காது கேளாமை, பார்வைக் குறைவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் வருகின்றன. அறுபது தாண்டிய அம்மாவுக்கு மட்டும் இல்லை, நாற்பதில் இருக்கும் நமக்கும் அது பொருந்தும். அமிலாய்டு படியத் தொடங்கும் வயது நம் வயதுதானே.

ரத்தப் பரிசோதனையும் டாக்டரும்

பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்கள். இவை போதும், சாதாரண லேபிலேயே முடியும். என் அம்மாவுக்கு பி12 ரொம்பக் குறைவாக இருந்தது, ஊசி போட்டோம், இரண்டு மாதத்தில் முகத்தில் ஒரு விழிப்பு வந்தது. மறதி முழுக்கப் போகவில்லை, ஆனால் அந்த விழிப்பு எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது. மனச்சோர்வும் மறதி போலவே வேஷம் போடும். கணவரை இழந்த பிறகு தொடங்கிய மறதி என்றால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியது நரம்பியல் டாக்டரை. பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், நரம்பியல் துறையும் மனநலத் துறையும் இருக்கின்றன. காலையிலேயே போங்கள்; மறதிக்காரருக்கு வெயிலும் கூட்டமும் ஆகாது, மத்தியானத்துக்கு மேல் அவர் பதில் சொல்வதே வேறு மாதிரி இருக்கும். அங்கே கேள்விகள் கேட்பார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள், ஐந்து வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். அம்மா எத்தனாவது வரை படித்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடமே போகாத ஒருவர் கடிகாரம் வரையவில்லை என்பது நோய்க்கு அடையாளம் ஆகாது. பதில் வரவில்லை என்று பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கவும் கூடாது. எனக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து எம்ஆர்ஐ. கட்டி, ரத்தக்கட்டு, நீர் கோத்தல், பழைய பக்கவாதம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதில் முதல் வேலை. நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கிறதா என்பது இரண்டாவது. நுண்ணிய ரத்தக்கசிவுகளைக் காட்டும் எஸ்டபிள்யூஐ வரிசையும் சேர்த்து எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அமிலாய்டு சில பேருக்கு மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் படியும். அப்படிக் கசிவுப் புள்ளிகள் தெரிந்தால், ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதைத் தொடர்வதா வேண்டாமா என்று இதய டாக்டரும் நரம்பு டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

இப்போது அந்த டெஸ்ட்

மூன்று வழி இருக்கிறது. பெட் ஸ்கேனில் அமிலாய்டில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். எல்லா பெட் ஸ்கேன் மையத்திலும் இது கிடையாது, புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் வேறு. இரண்டாவது, முதுகுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்பது. இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு இடம் உண்டு: அந்த நீரில் பீட்டா அமிலாய்டு 42 குறைவாக இருந்தால்தான் சந்தேகம், ஏனென்றால் அது மூளையிலேயே படிந்து தங்கிவிட்டது, வெளியே வரவில்லை என்று அர்த்தம். டௌ கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். மூன்றாவது, ரத்தத்தில் பி-டௌ 217 என்ற, டௌ புரதத்தின் ஒரு வகையைப் பார்ப்பது. அறிகுறி உள்ளவர்களுக்காக இப்படி ஒரு ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். எதுவாக இருந்தாலும், மறதியே இல்லாத ஒருவர் சும்மா தெரிந்துகொள்ள எடுத்துப் பார்க்கும் டெஸ்ட் கிடையாது. எடுத்து, பாசிட்டிவ் என்று வந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருபது வருஷம் பயந்துகொண்டு வாழ்வதில் என்ன லாபம்? ரிப்போர்ட்டில் அமிலாய்டோசிஸ் என்று இதயத்தையோ சிறுநீரகத்தையோ பற்றி எழுதியிருந்தால் அது வேறு புரதம், வேறு நோய், அதற்கு வேறு மருந்து.

யாருக்குப் பயன்? வயது குறைவு, மறதி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை, அல்லது அமிலாய்டை அகற்றும் ஊசி மருந்தைப் பற்றி யோசிக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு. லெகானமாப் என்ற மருந்துக்கு 2023இலும் டொனானமாப் என்ற மருந்துக்கு 2024இலும் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. இரண்டும் படிந்த அமிலாய்டை நிஜமாகவே குறைக்கின்றன. நோயை மெதுவாக்க மருந்தே கிடையாது என்றிருந்த இடத்தில் இது பெரிய விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 18 மாத ஆய்வில் லெகானமாப் நிலை மோசமாவதை 27 சதவீதம் மெதுவாக்கியது. 18 புள்ளி அளவுகோலில் பார்த்தால் அந்த வித்தியாசம் 0.45. போன நினைவு திரும்பாது. மூளையில் வீக்கமும் கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், ஏபிஓஇ4 என்ற மரபணு இரண்டு பிரதி இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். தொடக்க நிலையில் மட்டும்தான் தருவார்கள். எங்கள் டாக்டர் நோட்டையும் எம்ஆர்ஐயையும் கேள்வித்தாளையும் பார்த்து அல்சைமர்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொன்னார், அம்மா அந்தத் தொடக்க நிலையைத் தாண்டிவிட்டார் என்றும் சொன்னார். "பெட் எடுத்தா நான் எழுதற மருந்து மாறுமான்னா, மாறாதும்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் தம்பிக்கான பதில் இருந்தது. நீங்களும் உங்கள் டாக்டரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்: இந்த ரிசல்ட் வந்தால் எதை மாற்றுவீர்கள்?

நமக்கு சுலபமாகக் கிடைப்பவை டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின். இவை அமிலாய்டைத் தொடுவதில்லை, இருக்கிற நரம்புகள் பேசிக்கொள்வதற்குக் கொஞ்சம் கைகொடுக்கின்றன. டோனெபெசில் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடும், தொடங்கும் முன் ஈசிஜி பார்த்துக்கொள்ளுங்கள். குமட்டல், பசியின்மை, கெட்ட கனவு வந்தால் சொல்லுங்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் சோதனைக்குழாயில் அமிலாய்டில் ஒட்டுகிறது, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அல்சைமர் குறைந்ததாக நிரூபணமில்லை. வல்லாரையைத் துவையல் அரைத்து நன்றாகச் சாப்பிடுங்கள், கீரை நல்லதுதான். அமிலாய்டைக் கரைக்கும் என்று சொல்லி டப்பாவில் விற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள், அந்தக் காசுக்கு ஒரு காது மிஷின் வாங்கலாம்.

கையெழுத்துப் போடத் தெளிவு இருக்கும்போதே வங்கிக் கணக்கை ஜாயின்ட்டாக்குங்கள், நாமினி பாருங்கள், உயில் எழுத விரும்பினால் எழுதட்டும். பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தி இழந்துவிட்டால் நம் சட்டப்படி அது செல்லாமல் போய்விடும். இது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

வீட்டில்

இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்பது 2023இல் வெளியான கணக்கு. அவர்களில் பெரும்பாலானவர்களைப் பார்த்துக்கொள்வது வீட்டில் இருக்கும் ஒரு மகளோ மருமகளோதான். தனியாக இழுக்காதீர்கள், அண்ணன் தம்பிகளிடம் முறை போட்டுக் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567, உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416.

அம்மா "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலேயே நின்று கேட்பார். "இதுதாம்மா வீடு" என்று வாதாடினால் அழுகை கூடும். "சரிம்மா, காபி குடிச்சிட்டுப் போவோம்" என்றால் அடங்கும். கழுத்தில் ஒரு கயிற்றில் போன் நம்பர் எழுதிய அட்டை போட்டுவிடுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை ஆயுசு முழுக்கப் பார்த்தவர் என்றாலும் கூட்டத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள், டிவியில் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், அவர் கையெடுத்துக் கும்பிடுவார். பொழுது சாயும் நேரம்தான் ரொம்பக் குழப்பம், ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள்.

அந்த நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். கை பழகிய வேலைகள் மூளையில் வேறு இடத்தில் இருப்பதால் அவை கடைசியில்தான் போகின்றன. என் பெயர் சில நாள் வராத என் அம்மாவுக்கு மல்லிகை கட்ட வருகிறது. அரைப்படி மொட்டு வாங்கி தாம்பாளத்தில் கொட்டி, வாழைநாரை நனைத்துக் கிழித்துப் பக்கத்தில் வையுங்கள். முதல் இரண்டு முடிச்சை நீங்கள் போட்டு அவர் கையில் கொடுங்கள். எத்தனை முழம் ஆச்சு என்று மட்டும் கேட்காதீர்கள், பதறிவிடுவார்.